ஒரு பக்கவாட்டுக் கண்ணாடிக்கு நான் கொடுத்த விலை

2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையில் ஒரு கார் என் பைக்கை உரசிக் கீழே தள்ளியது. தவறு அந்தக் காரின் மீதுதான். இதை இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். அப்படியிருந்தும் மூன்று நாள் கழித்துக் காவல் நிலைய வாசலில் நின்று பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான்தான். முழங்கால் வலி, சம்பள இழப்பு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 43,400 ரூபாய். கீழே விழுந்ததால் வந்தது அதில் பாதிதான். மீதி, விழுந்து எழுந்த பிறகு நான் நடந்துகொண்ட விதத்துக்கு. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

என் வேலை மின்னணுத் தராசுகளைப் பழுது பார்ப்பது. மளிகைக் கடை, மீன் கடை, பழைய இரும்புக் கடை என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு இடங்களுக்குப் போவேன். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கற்கள் வேண்டும். ஐந்து கிலோ கல் இரண்டு, இரண்டு கிலோ மூன்று, ஒரு கிலோ இரண்டு. ஆக 18 கிலோ இரும்பு ஒரு தகரப் பெட்டியில் என் பின் இருக்கையில் எப்போதும் இருக்கும். டியூப் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பேன். பின்னால் இப்படிக் கனம் இருந்தால் பைக் திடீர்த் திருப்பத்துக்கு வளையாது. பிரேக் பிடித்தாலும் ஒரு கணம் தள்ளிக்கொண்டே போகும். பதினோரு வருடமாக இந்தப் பெட்டியோடு ஓட்டுகிறேன் என்ற தைரியத்தில் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எரிவாயு உருளை, தண்ணீர்க் கேன், அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதேதான் நிலைமை. நம் பைக் காலி பைக் போல நிற்காது என்பது பக்கத்தில் வரும் காருக்குத் தெரியாது. அதையும் கணக்கில் எடுத்து இடைவெளி விட வேண்டியவர்கள் நாம்தான்.

அந்தச் சாலையில் மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. நடுவில் தடுப்புத் தகடுகளை அடைத்து வைத்திருந்ததால், இருந்த சாலை பாதியாகிவிட்டது. நான் இடது ஓரமாக, ஒரு வெள்ளைக் காரின் பின் கதவுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். வேகம் இருபதுகூட இருக்காது. ஓர் இடத்தில் தடுப்பு திடீரென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கார் அதைத் தவிர்க்க இடப்பக்கம் ஒடித்தது. இண்டிகேட்டர் போடவில்லை. பின் கதவு என் கைப்பிடியை மெல்லத் தள்ளியது, அவ்வளவுதான். பைக் இடப்பக்கம் சாய்ந்தது, முழங்கால் தார்ச்சாலையின் விளிம்பில் மோதியது. பெட்டி திறந்துகொண்டது. எடைக்கற்கள் அறுகோணமாக இருக்கும் என்பதால் உருளாது என்று நினைத்திருந்தேன். இரண்டு கிலோ கல் ஒன்று தடதடவென்று குதித்துக்கொண்டே போய்க் காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

கார் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. ஓட்டியவர் இறங்கவில்லை. கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு இறக்கினார். முப்பது வயது இருக்கும். "யோவ், கண் தெரியாதா உனக்கு?" என்றார். எனக்கு 46 வயது. கீறல் விழுந்த கைப்பிடியோ, கிழிந்த பேண்ட்டோ என்னை அந்த அளவுக்குச் சுடவில்லை. அந்த 'யோவ்', அந்த 'உனக்கு' இரண்டும் சுட்டன. நம் ஊர்ச் சாலைச் சண்டைகளில் பாதி இந்த ஒருமையில்தான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. யார் மீது தவறு என்ற கேள்வி அந்த நொடியே காணாமல் போய்விடும். யார் யாரை மரியாதையில்லாமல் பேசினார் என்பதுதான் வழக்காகிவிடும். நானும் ஒருமையில் இறங்கினேன். அவர் குடும்பத்தையும் இழுத்தேன். அதை இங்கே எழுத முடியாது.

அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். கூட்டம் பெரும்பாலும் பைக்காரன் பக்கம்தான் நிற்கும், பெரிய வண்டி மீதுதான் தவறு என்பது தெருவின் எழுதாத சட்டம். அந்த ஆதரவு இருக்கிறதே, அது பெரிய போதை. "விடாதீங்க அண்ணா, சாவியைப் பிடுங்குங்க" என்று ஒரு பையன் கத்தினான். அதை மட்டும் செய்யவில்லை, தெய்வாதீனம். கீழே கிடந்த எடைக்கல்லை எடுத்துக்கொண்டு நேராகக் காரின் முன்பக்கம் போனேன். கல்லை எடுத்தது அது என் பிழைப்பு என்பதால். ஒன்று தொலைந்தாலும் காசு போட்டு வாங்கியாக வேண்டும். வலது கையில் கல், தலையில் ஹெல்மெட், கறுப்பு முகமூடிக் கண்ணாடி இறங்கியபடியே இருக்கிறது. "இறங்கு கீழே" என்றேன். அவர் இருந்த நான்கு விரல் இடைவெளியையும் மூடிவிட்டார். இடது உள்ளங்கையால் அவருடைய பக்கவாட்டுக் கண்ணாடியை ஓர் அறை அறைந்தேன். பிளாஸ்டிக் முறியும் சத்தம் கேட்டது. கண்ணாடி ஒரு கம்பியில் தொங்கி இரண்டு முறை ஆடியது. கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது. அரை நிமிடத்தில் பாதிப் பேரைக் காணவில்லை. சாவியைப் பிடுங்கச் சொன்ன பையன் முதலில் போனவர்களில் ஒருவன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்திருக்க வேண்டியது மிகக் குறைவு. வண்டியை நிமிர்த்துவதற்கு முன்னால் கைப்பேசியை எடுத்து நான்கு படம் பிடித்திருக்க வேண்டும்: காரின் எண் தெரியும்படி ஒன்று, தடுப்பும் காரும் என் பைக்கும் ஒரே சட்டகத்தில் வரும்படி ஒன்று, அவருடைய பின் கதவில் என் கைப்பிடி உரசிய கோடு, என் முழங்கால். கூட்டத்தில் ஒருவரிடமாவது கைப்பேசி எண் வாங்கியிருக்க வேண்டும். அதிகம் கத்துகிறவரிடம் வாங்குவதில் பயனில்லை, அங்கேயே கடை வைத்திருப்பவரிடம் வாங்க வேண்டும். கத்துகிறவர் நாளைக்கு அங்கே இருக்க மாட்டார், கடைக்காரர் இருப்பார். காரை நோக்கிப் போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றியிருக்க வேண்டும், கையில் எதுவும் இருந்திருக்கக் கூடாது. எதிராளி எவ்வளவு ஒருமையில் பேசினாலும் 'சார்' என்று தொடங்கியிருக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. பிறகு எந்தப் பதிவை யார் போட்டுப் பார்த்தாலும் அதில் நம் குரல் எப்படிக் கேட்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இது எதுவும் முடியாது, கை நடுங்குகிறது, வாய் நிற்காது என்றால் 112-ஐ அழைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தவனால் எதையும் உடைக்க முடியாது.

நான் என்ன செய்தேன் என்றால், அவர் தொங்கும் கண்ணாடியோடு கிளம்பிப் போனதும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரையும் பஞ்சும் வாங்கினேன். மனைவியிடம் கதையைச் சொன்னபோது கண்ணாடியை உடைத்த இடத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவர் உங்கள் வண்டி எண்ணைப் பார்த்தாரா?" மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

அவர் வெள்ளிக்கிழமை இரவே புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட்டார். புகாரில் நான் 'இரும்பு ஆயுதத்துடன்' தாக்க வந்ததாக எழுதியிருந்தது. நான் பதறிப்போய், அது எடைக்கல், என் தொழில் கருவி, பெட்டியிலிருந்து விழுந்ததை எடுத்தேன் என்றேன். எழுத்தர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். காரின் முன்கண்ணாடியில் பொருத்திய கேமரா எடுத்த பதிவு. முன்பக்கத்தை மட்டும் பார்க்கும் கேமரா என்பதால் பக்கவாட்டில் என்னை உரசியது அதில் இல்லை, நான் விழுந்தது இல்லை. காலியான சாலை, தடுப்புத் தகடுகள், பிறகு இடப்பக்கத்திலிருந்து ஓர் ஆள் சட்டகத்துக்குள் நுழைகிறான். முகம் தெரியாத ஹெல்மெட். கையில் கறுப்பாக ஏதோ கனமான பொருள். வாயிலிருந்து வரும் வார்த்தைகள் தெளிவாகக் கேட்கின்றன. காரைச் சுற்றிப் போகிறான், சட்டகத்தை விட்டு மறைகிறான், சத்தம். பதினான்கு நொடி. அது யாரோ ஒருவன் என்றிருந்தால், இவனைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். நிலையத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் அந்த நேரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பேசிய வார்த்தைகளைக் கேட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

புதிய குற்றவியல் சட்டங்கள் அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தன. ஒரு காவலர் பழக்கத்தில் "427" என்றார். எழுத்தர் "இப்போது 324" என்று திருத்தினார். இரண்டும் பொருளுக்குச் சேதம் விளைவிப்பதற்கான பிரிவுகள், பழையது இந்திய தண்டனைச் சட்டம், புதியது பாரதிய நியாய சன்ஹிதா. மிரட்டலுக்கு 351 தனி. வெளியே வந்து, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்தேன். 2,000 ரூபாய் வாங்கினார், ஆனால் உருப்படியாகச் சொன்னார். சேதத்தின் மதிப்பு 20,000 ரூபாயைத் தொட்டுவிட்டால் தண்டனையின் உச்சவரம்பு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குப் போய்விடுமாம். கார்க்காரர் கொண்டுவந்திருந்த மதிப்பீட்டுத் தாளில் 23,800 என்று இருந்தது. மோட்டார், கேமரா, விளக்கு எல்லாம் உள்ளே இருக்கும் கண்ணாடியாம் அது. வழக்கறிஞர் இன்னொன்றும் சொன்னார். விபத்தில் ஒருவர் காயப்பட்டால் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தகவல் தருவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி ஓட்டியவரின் கடமை. "அவர் உங்களைத் தூக்கிவிடக்கூட இறங்கவில்லை. நீங்கள் அன்று இரவே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் காயத்தைப் பதிந்து, புகாரும் கொடுத்திருந்தால் இன்று மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள்" என்றார். அன்று இரவு நான் பஞ்சு ஒற்றிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரம் திங்கட்கிழமை முடிந்தது. 18,000. நகைக்கடனில் கொஞ்சம், கைமாற்றில் கொஞ்சம். சமரசக் கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். அதில் 'இச்சம்பவம் தொடர்பாக இருதரப்பினருக்கும் மேற்கொண்டு எவ்வித நடவடிக்கையும் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. வெளியே போனால் போதும் என்ற அவசரத்தில் படிக்காமல் போட்டேன். அந்த 'இருதரப்பினருக்கும்' என்பதில் நானும் இருக்கிறேன் என்பது மறுநாள் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியபோதுதான் உறைத்தது. ஸ்கேன் 6,500, மருத்துவர், மருந்து, பிசியோதெரபி என்று 4,300. தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அறுவைச் சிகிச்சை வேண்டாம், ஒன்பது நாள் வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். சம்பளத்தில் 7,650 பிடித்தம். அடிபட்ட உடம்பு முதல் இரண்டு நாள் பொய் சொல்லும். அதனால் அடிபட்ட வாரத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் மருத்துவச் செலவைத் தனியாகக் குறிப்பிடும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். காயத்துக்கு எதிர்த்தரப்பின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்க மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். நான் அந்தக் கதவுக்கு என் கையாலேயே தாழ் போட்டுவிட்டேன்.

சரி, நம் வண்டிக்காவது நம் காப்பீடு வருமே என்று பார்த்தால், அங்கே இன்னொரு அடி. கைப்பிடி, கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், லெக் கார்டு எல்லாம் சேர்த்து 3,850. பைக் வாங்கும்போது ஐந்து வருடக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த ஐந்து வருடம் மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும்தான், அதாவது என் வண்டியால் அடுத்தவருக்கு வரும் இழப்புக்கு. என் வண்டியின் சேதத்துக்கான பகுதி ஒரே வருடம், அது முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புதிய இருசக்கர வாகனங்களுக்கு 2018 செப்டம்பரிலிருந்து இதுதான் முறை. ஆகவே பெரும்பாலானவர்களின் பைக் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், என் வீங்கிய முழங்காலுக்கு அதில் இடமில்லை. பெட்டகத்தைத் திறந்து உங்கள் பாலிசித் தாளை எடுத்து, அதில் எத்தனை தேதிகள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு தேதி இருக்கும்.

எட்டாவது நாள், நடக்க முடிந்ததும், அந்த இடத்துக்குப் போனேன். எதிரே இருந்த மரச்சாமான் கடையின் கேமரா நேராக அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், தேடிப் பார்த்தார். பதிவு ஐந்து நாள்தான் நிற்குமாம், பிறகு அதன் மேலேயே புதியது ஏறிவிடும். "முந்தாநாள் வந்திருந்தால்கூட ஒன்றும் கிடைத்திருக்காது சார், செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டும்" என்றார். கால் முடியாவிட்டாலும் யாரையாவது அனுப்பியிருக்கலாம். மைத்துனர் வேளச்சேரியில்தான் இருக்கிறார். கேட்க வெட்கமாக இருந்தது.

கார்க்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது ஒருதலையாகிவிடும். பணம் கொடுத்த அன்று நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது. வேறு இடம் இல்லை. அவராகத்தான் பேசினார், இப்போது 'நீங்கள்' என்று. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சிக்னலில் ஒரு பைக்கை லேசாக இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த நான்கு பைக்காரர்கள் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். கேமரா வாங்கியது அதன் பிறகுதான். இனி எது நடந்தாலும் இறங்கக் கூடாது, கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ததும் அதன் பிறகுதான். நான் திமிர் என்று நினைத்த அந்த நான்கு விரல் கண்ணாடி, பயம். கேட்டதும் எனக்கு அவர் மீது பெரிய அன்பு ஒன்றும் பொங்கிவிடவில்லை. பயந்தவர் எதற்கு 'யோவ்' என்றார் என்றுதான் தோன்றியது. கேட்கவில்லை. தேநீருக்கு அவர் பணம் கொடுத்தார், என் பணம்தானே என்று குடித்தேன்.

கால் சரியான பிறகு மைத்துனரின் காரில் ஒரு சோதனை செய்தேன். நான் ஓட்டுநர் இருக்கையில். என் பைக்கை மைத்துனர் இடது பின் கதவை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடப்பக்கக் கண்ணாடியில் பைக் இல்லை. நடுக் கண்ணாடியிலும் இல்லை. கழுத்தை முழுவதும் திருப்பினால்தான் அவருடைய சட்டை தெரிந்தது. கார் ஓட்டியே பழக்கமில்லாத எனக்கு இது பேரதிர்ச்சி. பதினோரு வருடமாக நான் விரும்பி ஓட்டிய இடம் அதுதான், காரின் பின் கதவுக்குப் பக்கத்தில், நிழல் போல. இப்போது அந்த இடத்தில் நிற்பதே இல்லை. ஒன்று ஓட்டுநரின் முகம் அவர் கண்ணாடியில் எனக்குத் தெரியும்படி முழுக்கப் பின்னால், இல்லையென்றால் விரைவாகக் கடந்து முன்னால். தடுப்பு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கார் எந்தப் பக்கம் ஒடிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும், அங்கே இடப்பக்கம் நுழைவதை விட்டுவிட்டேன். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கும் மேற்பட்டவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இந்த எண்ணைப் படித்த அன்று என் 43,400 கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது, பொய் சொல்வானேன், ஒரே ஒரு நாள் மட்டும்.

அந்த இரண்டு கிலோ கல் ஒரு மூலை சிதைந்துவிட்டது. சரியான தராசில் வைத்தால் 1,986 கிராம் காட்டுகிறது. இதை வைத்து எந்தக் கடைத் தராசையும் சரிபார்க்க முடியாது. புதிதாக வாங்கி முத்திரை பெற 1,100 ரூபாய் ஆனது. பெட்டிக்குக் கொக்கி வைத்த பூட்டு ஒன்று போட்டிருக்கிறேன், 120 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் மறுபடி எடுத்துவிட்டேன். வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், பழைய சேதம் ஏதாவது உண்டா என்று தொலைபேசியில் ஒரு பெண் கேட்டார். கைப்பிடி இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது என்றேன். "அது படத்தில் தெரியாதே சார்" என்றார். தெரியாதுதான். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் பட்டறையில் விட வேண்டும்.